சில்லறையும் இறையாண்மையும்: வட இத்தாலியக் குறுநிலப் பிரபுக்களின் நாணயங்கள் கள்ள நாணயங்களா?

1. கேள்வி

இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியிலும் அதை ஒட்டிய மலையடிவாரங்களிலும், 15ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, பல சிறு அக்கசாலைகள் இயங்கின. தெசானா, மெசரானோ, ஃபிரிங்கோ, பசெரானோ, கொர்ரெஜ்ஜோ, பொட்சோலோ, சப்பியோனெத்தா, காஸ்திலியோனே என்று அந்த ஊர்ப் பட்டியல் நீள்கிறது. ஒரு கோட்டை, அதைச் சுற்றி ஒரு சிற்றூர், அப்பால் சில கிராமங்கள்: இங்கிருந்த பிரபுக்கள் பலருக்கு நாடு என்று இருந்தது அவ்வளவுதான். ஆனாலும் அவர்கள் தம் பெயரில் நாணயம் அடித்தார்கள். பொன்னிலும் நல்ல வெள்ளியிலும் சில வகைகள் வெளிவந்தன. எண்ணிக்கையில் மிகுந்தவை செம்பு கூடிய, வெள்ளி குறைந்த சில்லறைக் காசுகளே. மெல்லிய தகட்டில், வட்டம் கோணி, எழுத்து பாதி விழுந்து, பாதி விழாமல் அவை இன்று அருங்காட்சியகப் பேழைகளில் கிடக்கின்றன.

இந்தக் காசுகளைப் பற்றி இரண்டு பார்வைகள் உண்டு. முதலாவது, நெடுங்காலமாக ஆட்சி செலுத்திவரும் பார்வை. புனித ரோமானியப் பேரரசரிடம் பெற்ற உரிமையைக் காட்டி, அண்டை நாடுகளின் நல்ல நாணயங்களைப் பார்த்து மட்டமான போலிகள் செய்த கள்ளக் கூடங்கள் இவை என்கிறது அது. இரண்டாவது பார்வை பொருளியல் வரலாற்றிலிருந்து வருகிறது. பெரிய அரசுகள் சில்லறையைப் போதுமான அளவு அடிக்காத காலத்தில், சந்தையின் தேவையை நிறைவேற்றிய இடங்கள் இவை என்பது அதன் வாதம்.

இரு பார்வைகளும் மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. நாணயம் அடிக்கும் உரிமை அந்தப் பிரபுவுக்கு இருந்ததா? காசின் உருவம் யாருடையதைப் போல இருந்தது? காசுக்குள் இருந்த வெள்ளி எவ்வளவு? உரிமை, உருவம், உள்ளீடு ஆகிய இந்த மூன்றையும் பிரித்து நிறுத்தினால் ‘கள்ளம்’ என்ற ஒற்றைச் சொல் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பது தெளிவாகும்.

2. உரிமையின் வேர்

நாணயம் அடிப்பது அரசுரிமை என்பதை வட இத்தாலியில் சட்டமாக நிலைநாட்டியவர் பேரரசர் முதலாம் ஃபிரெடெரிக். 1158இல் ரொன்காலியாவில் கூடிய அவையில், சுங்கம், நீதி, சாலை ஆகியவற்றோடு நாணயமும் பேரரசருக்கே உரியது என்று பட்டியலிடப்பட்டது. லொம்பார்தியா நகரங்கள் அதை எதிர்த்துப் போரிட்டு, 1183இல் கொன்ஸ்டான்ஸ் உடன்படிக்கையின் மூலம் பல உரிமைகளை மீட்டுக்கொண்டன. அதன் பிறகும் சட்டக் கோட்பாடு மாறவில்லை. உரிமையின் ஊற்று பேரரசர். மற்றவர்கள் அவரிடமிருந்து சாசனத்தால் பெற்றவர்கள். சில பகுதிகளில் அந்த இடத்தில் போப்பாண்டவர் இருந்தார்.

இந்தச் சாசனங்கள் விலைபோயின என்பது உண்மை. போரில் உதவிக்கும் கடனுக்கும் விசுவாசத்துக்கும் கைம்மாறாகப் பேரரசர்கள் அவற்றை வழங்கினார்கள். மிலானின் படைத் தலைவரான ஜான் ஜாக்கோமோ திரிவுல்ட்சியோ, ஆல்ப்ஸ் மலைக் கணவாய்ப் பாதையில் உள்ள மெசோக்கோ பள்ளத்தாக்கை 1480இல் விலைக்கு வாங்கினார். 1487இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் அவருக்கு நாணய உரிமை கொடுத்தார். வணிகர்கள் மலையைக் கடந்துபோகும் வழியில் நிலமும் அக்கசாலையும் ஒரே கையில் சேர்ந்தன. கோமோ ஏரிக்கரையில் மூஸ்ஸோ கோட்டையைப் பிடித்துக்கொண்ட ஜான் ஜாக்கோமோ தெ மெதிச்சி ஒரு படைச் சாகசக்காரர். அவர் 1528 முதல் 1532வரை அங்கே நாணயம் அடித்தார். ஏரியும் மலையும் தந்த காப்பில் நின்று மிலானோடும் சுவிஸ் அண்டையரோடும் போரிட்டவர், இறுதியில் கோட்டையைக் கைவிட்டு மரின்யானோவின் மார்க்கி பட்டத்தை ஏற்றார். அவருடைய தம்பி 1559இல் நான்காம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். துப்பாக்கி முனையில் தொடங்கிய ஆட்சியும் நாணயத்தின் வழியே சட்டபூர்வத் தோற்றம் பெற்றது என்பதற்கு மூஸ்ஸோ நல்ல சான்று.

எனவே உரிமை என்ற முதல் கேள்வியில், அறியப்பட்ட பெரும்பாலான சிறு அக்கசாலைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெசானாவின் தித்சோனே குடும்பமும் கொன்சாகா குடும்பத்தின் கிளைகளும் பேரரசரைச் சார்ந்து நின்றன. மெசரானோவின் ஃபியெஸ்கி குடும்பமும், அவர்களுக்குப் பின் வந்த ஃபெரேரோ-ஃபியெஸ்கி குடும்பமும் திருச்சபையின் நிலத்தைப் பெற்று ஆண்டவர்கள். அவர்கள் நாணயம் அடித்தது சாசனத்தின் பேரில்தான். சட்டப்படி கள்ள நாணயக்காரன் என்பவன் உரிமை இல்லாதவன். அந்த வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

வழக்கு முடியவில்லை. ஏனென்றால் உரிமையோடு கடமையும் வந்தது: பேரரசின் நாணய ஒழுங்குக்கு இணங்கிய எடையும் மாற்றும் (உலோகத் தூய்மையும்) காப்பது. 1524, 1551, 1559 ஆகிய ஆண்டுகளில் பேரரசு நாணயச் சட்டங்கள் வகுத்தது. அவற்றின் பார்வையில் குற்றம் என்பது அடித்ததல்ல, குறைத்து அடித்ததே.

3. சம்மட்டியும் சில்லறையும்

குறைத்து அடிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்பதை அறியப் பட்டறைக்குள் போயாக வேண்டும். வான்னோச்சோ பிரிங்குச்சோ 1540இல் வெளிவந்த தம் உலோகவியல் நூலிலும், போப்பாண்டவரின் அக்கசாலையில் அச்சு வெட்டிய பென்வெனூத்தோ செல்லீனி 1568இல் வெளிவந்த தம் பொற்கொல்லர் நூலிலும் நாணயத் தொழிலை விவரித்திருக்கிறார்கள்.

வெள்ளியும் செம்பும் உருக்கிக் கலந்து பாளமாக வார்க்கப்படும். பாளத்தை அடித்துத் தகடாக்குவார்கள். தகட்டைக் கத்தரியால் வில்லைகளாக வெட்டுவார்கள். அடித்த உலோகம் விறைத்துப் போவதால் இடையிடையே நெருப்பிலிட்டு இளக்க வேண்டும். பிறகு வெளுப்பூட்டல். வைன் மண்டியில் கிடைக்கும் தார்த்தார் உப்பும் சாதாரண உப்பும் கரைத்த நீரில் வில்லைகளைக் கொதிக்கவைத்தால், மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்து வெள்ளி மட்டும் எஞ்சும். கறுத்த வில்லை பளிச்சென்று வெளுக்கும். கடைசியாக அடிப்பு: கீழச்சு மரக்கட்டையில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும், அதன்மேல் வில்லையை வைத்து, மேலச்சைக் கையில் பிடித்து, சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அடியை நேரே வாங்கும் மேலச்சு விரைவில் தேயும், விரிசலும் விடும். அச்சு சற்றே நழுவினால் உருவம் ஓரத்துக்குப் போகும். இரண்டாம் அடி விழுந்தால் உருவம் இரட்டிக்கும்.

இந்த முறையின் பொருளியல் எளிய கணக்கில் அடங்கும். 1 லீராவுக்கு 20 சோல்தோ. 1 சோல்தோவுக்கு 12 தெனாரோ. ஆக 1 லீரா 240 தெனாரோ. ஒரு லீரா மதிப்பைப் பெரிய வெள்ளி நாணயமாக அடித்தால் ஒரு வில்லை போதும். 30 தெனாரோ மதிப்புள்ள பர்பயோலாவாக அடித்தால் 8 வில்லைகள். 6 தெனாரோ மதிப்புள்ள செசினோவாக அடித்தால் 40. 3 தெனாரோ மதிப்புள்ள திரில்லினாவாக அடித்தால் 80. ஒவ்வொரு வில்லைக்கும் வெட்டு, இளக்கல், வெளுப்பு, அடி எல்லாம் உண்டு. மதிப்பு சிறுக்கச் சிறுக்கக் கூலி பெருகுகிறது. பெரிய நாணயத்துக்குரிய அதே மாற்றில் சில்லறையையும் அடித்தால் அக்கசாலைக்கு நட்டம். ஆகவே சில்லறையில் வெள்ளியைக் குறைத்தே தீர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிய சந்தையும் ஓரளவுக்கு இதை ஏற்றுக்கொண்டது.

இத்தாலியப் பொருளியல் வரலாற்றாசிரியர் கார்லோ சிப்போல்லா 1956இல் வெளியிட்ட தம் நூலில் இதைச் சிறு காசுகளின் பெரும் சிக்கல் என்று அடையாளப்படுத்தினார். தாமஸ் சார்ஜென்ட்டும் பிரான்சுவா வெல்டேயும் 2002இல் அதே சிக்கலை ஒரு முழு நூலாக விரித்தார்கள். சில்லறைக்குப் பஞ்சமும், பின் அதில் மாற்றுக் குறைப்பும், பின் விலையேற்றமும் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் மாறி மாறி வந்ததற்கு இந்த அடிக்கூலிக் கணக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது இந்த மரபின் முடிவு.

குறுநிலப் பிரபுவின் அக்கசாலை இந்தக் கணக்குக்குள்தான் நின்றது. பிரபு தானே சம்மட்டி பிடிக்கவில்லை. அக்கசாலையைக் குத்தகைக்கு விட்டார்; குத்தகை எடுத்த நாணயத் தலைவர், பணமும் ஆளும் கருவியும் கொண்டுவந்து அடித்துக் கொடுத்தார். பிரபுவுக்கு நிலையான வருவாய். குத்தகைக்காரருக்கு எஞ்சிய லாபம். தன் நாட்டுக்குள் மட்டும் புழங்கும் காசாக இருந்தால் அந்த லாபம் அற்பம். சில கிராமங்களுக்கு எத்தனை செசினோ வேண்டியிருக்கும்? காசு எல்லை தாண்டிப் போனால்தான் தொழில் செழிக்கும். எல்லை தாண்ட வேண்டுமானால் அப்பால் உள்ளவர்கள் தயங்காமல் கைநீட்டி வாங்கும் முகம் அதற்கு வேண்டும். குறைந்த மாற்றும் இரவல் உருவமும் ஒன்றை ஒன்று தேடிக்கொண்ட இடம் இதுவே.

4. சாயலும் போலியும்

உருவத்தைப் பார்த்து அடிப்பது தன்னளவில் குற்றமாகக் கருதப்படவில்லை. 1252இல் ஃபிளாரன்ஸ் தன் பொன் ஃபிளோரினை வெளியிட்ட பிறகு, ஐரோப்பாவின் பல ஆட்சியாளர்கள் அதே அல்லிமலரையும் அதே திருமுழுக்கு யோவானையும் வைத்துத் தம் பெயரில் பொன் அடித்தார்கள். ஹங்கேரி அரசர் அடித்தார். லூபெக் நகரம் அடித்தது. பொன்னின் தரம் காக்கப்பட்டவரை அது சந்தைக்குத் தெரிந்த முகத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு வழக்கமாகவே இருந்தது.

தரம் காக்கப்படாதபோது நடந்ததும் அதே ஃபிளோரினின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ரொமேனா கோட்டையின் கூயிதி பிரபுக்களுக்காக மாஸ்த்ரோ அதாமோ என்பவர் 24 காரட் ஃபிளோரினில் 3 காரட் மட்ட உலோகம் கலந்தார். 1281இல் எரித்துக் கொல்லப்பட்டார். தாந்தே தம் நரகக் காண்டத்தின் 30ஆம் பகுதியில் அவரை நீர்வேட்கையால் வருந்துபவராக வைத்திருக்கிறார். கவனிக்க வேண்டியது இது: எரிக்கப்பட்டவர் தொழிலாளி. ஏவிய பிரபுக்கள் எரிக்கப்படவில்லை. மறுமலர்ச்சிக் காலத்துச் சிறு அக்கசாலைகளின் கதையில் இதே பாகுபாடு மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

இந்தப் பின்னணியில் குறுநிலக் காசுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, சொந்த முகம் கொண்டவை. பிரபுவின் உருவம், குடிச்சின்னம், ஊர்ப் புனிதர், முழுப்பெயர் ஆகியவை தெளிவாக இருப்பவை. சப்பியோனெத்தாவைத் திட்டமிட்ட நகரமாக எழுப்பிய வெஸ்பசியானோ கொன்சாகா அங்கே ஓர் அக்கசாலையையும் நிறுவினார். அரங்கம், நூலகம், கோட்டைமதில் ஆகியவற்றோடு நாணயமும் ஓர் ஆட்சியாளனின் அடையாளத் தொகுதியில் சேர்ந்தது. 1472இல் வெனிஸிலும் 1474இல் மிலானிலும் ஆட்சியாளரின் தலையுருவம் கொண்ட பெரிய வெள்ளி நாணயங்கள் வந்தபின், பழைய ரோமப் பேரரசர்களைப் போலத் தம் முகத்தைக் காசில் பார்க்கும் ஆசை சிறு பிரபுக்களையும் தொற்றிக்கொண்டது. இவ்வகைக் காசுகள் மிகுந்த கலைநயம் கொண்டவை. இவற்றைக் கள்ளம் என்பது அறியாமை.

இரண்டாம் வகை, அயல் உருவத்தைத் தழுவி, தம் பெயரைப் படிக்கும்படி பொறித்து, மூலத்துக்கு ஏறக்குறைய ஒத்த மாற்றில் அடித்தவை. இவற்றைச் சாயல் காசுகள் எனலாம்.

மூன்றாம் வகையே வழக்குக்கு உரியது. சவோய், மிலான் காசுகளையும், சுவிஸ், ஜெர்மன் நகரங்களின் சிறு காசுகளையும், நெதர்லாந்தின் சிங்க தாலரையும் உருவத்தில் ஒற்றியெடுத்து, பெயரைச் சுருக்கத்தாலும் பட்டப்பெயர்களாலும் மறைத்து, வெள்ளியைக் குறைத்தவை. மெசரானோ, தெசானா, ஃபிரிங்கோ, பசெரானோ ஆகிய பியெமோந்தே ஊர்களிலிருந்து இவ்வகைக் காசுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தெசானாவின் பிரபுக்கள் சுவிஸ் பள்ளத்தாக்குகளின் கண்ணுக்குப் பழகிய உருவங்களையும், கீழை மத்தியதரைக்கடல் வணிகம் விரும்பிய டச்சு உருவங்களையும் தேர்ந்தது தற்செயலாகாது. எந்தச் சந்தையில் எந்த முகம் செல்லும் என்பதை அறிந்தே தேர்ந்திருக்கிறார்கள்.

சம்மட்டி அடிப்பும் இந்த மறைப்புக்குத் துணைநின்றது. வில்லை அச்சைவிடச் சிறிதாக இருந்தால் ஓரத்து எழுத்து காசுக்கு வெளியே போய்விடும். பிரபுவின் பெயர் அச்சில் முழுமையாகவும் காசில் அரைகுறையாகவும் இருக்கும். விசாரணை வந்தால் அச்சைக் காட்டித் தப்பலாம்; சந்தையில் காசைக் காட்டி ஏமாற்றலாம். நேர்மையாக அடித்த காசுகளிலும் இதே குறை இருந்ததால், ஒரு காசை மட்டும் வைத்து நோக்கத்தை நிறுவ முடியாது. ஒரே அச்சில் விழுந்த பல காசுகளை ஒப்பிட்டு முழு எழுத்தையும் மீட்டெடுத்த பிறகே பேச வேண்டும்.

5. சாட்சியம் யாருடையது?

குற்றச்சாட்டின் முதன்மைச் சான்று பெரிய அரசுகளின் தடையாணைகள். மிலானின் ஆளுநர்கள் ‘கிரிதா’ எனப்படும் அறிவிப்புகளை அச்சிட்டு ஒட்டி, இன்ன ஊர்க் காசு செல்லாது என்று பறைசாற்றினார்கள். அன்ட்வெர்ப் முதலிய வணிக நகரங்களின் அச்சகங்கள், செல்லும் காசு, செல்லாக் காசு இரண்டையும் மரச்செதுக்குப் படங்களோடு பட்டியலிட்ட கையேடுகளை வெளியிட்டன. காசுக்கடைக்காரர்கள் அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காசு பிரித்தார்கள்.

இந்த ஆணைகள் பொய்யல்ல. பின்னால் உரைகல்லும் புடமும் இருந்தன. சோதித்துத்தான் தடை செய்தார்கள். என்றாலும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, தடைசெய்த அரசுக்குச் சொந்த அக்கசாலை இருந்தது. போட்டியாளரின் காசைச் சந்தையிலிருந்து விரட்டுவதில் அதற்கு லாபம் உண்டு. 1562இல் தன் நாணய முறையைச் சீரமைத்து லீராவை வெள்ளி நாணயமாகவே வெளியிட்ட சவோய்க்கு, தன் நிலத்துக்கு நடுவே தனித்தீவுகளாகக் கிடந்த பிரபுக்களின் அக்கசாலைகள் அரசியல் இடையூறும் ஆகும். மற்றொன்று, ஓர் ஆணை திரும்பத் திரும்பப் போடப்படுகிறது என்றால் அது நிறைவேறவில்லை என்று பொருள். மன்சோனி தம் புகழ்பெற்ற நாவலின் முதல் அத்தியாயத்தில், அடியாட்களுக்கு எதிரான கிரிதாக்களை வரிசையாக அடுக்கிக் காட்டுவது இதையே. நாணயத் தடைகளுக்கும் அது பொருந்தும். தடைசெய்யப்பட்ட காசை மக்கள் தொடர்ந்து புழங்கினார்கள், ஏனென்றால் வேறு சில்லறை கையில் இல்லை.

நவீன ஆய்வின் பிறப்பிடத்தையும் மறக்கக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் பொலோஞ்ஞாவின் கூயித் அந்தோனியோ சனெத்தி ஐந்து தொகுதிகளில் இத்தாலிய அக்கசாலைகளைத் தொகுத்தார். 19ஆம் நூற்றாண்டில் மெசரானோ, தெசானா நாணயங்களுக்குத் தனி நூல்கள் எழுதிய தொமெனிக்கோ புரோமிஸ், தூரினில் சவோய் அரச நூலகத்தையும் நாணயத் தொகுப்பையும் காத்தவர். 1910 முதல் 1943வரை 20 தொகுதிகளாக வந்த ‘கொர்புஸ் நும்மோரும் இத்தாலிக்கோரும்’ என்ற பெரும் பட்டியலின் பின்னால் நின்றவர் அரசர் மூன்றாம் வித்தோரியோ எமானுவேலே, அவரும் சவோய் குடும்பத்தவர். இவர்களின் உழைப்பு இல்லாமல் இந்தத் துறையே இல்லை. அதை நன்றியோடு ஏற்க வேண்டும். ஆனால் சிறு நாடுகளை விழுங்கி வளர்ந்த அரசின் ஆவணக் காப்பகத்திலிருந்து எழுதப்பட்ட வரலாற்றில் விழுங்கப்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தெரிவது எதிர்பார்க்கத்தக்கதே.

ஆவணத்துக்கு வெளியே உள்ள சான்று உலோகம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. காசைச் சிதைக்காமல் செய்யும் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனை மேற்பரப்பை மட்டுமே படிக்கும். வெளுப்பூட்டிய காசின் மேற்பரப்பில் வெள்ளி மிகுதி, உள்ளே செம்பு மிகுதி. அன்று சந்தையில் ஏமாற்றிய அதே தோல் இன்று ஆய்வுக்கருவியையும் ஏமாற்றக்கூடும். எடையிலும் அப்படியே. சில்லறைக் காசுகளை ஒவ்வொன்றாக நிறுக்கவில்லை. ஒரு மார்க்கு எடைக்கு இத்தனை காசு என்று மொத்தமாகவே நிறுத்தார்கள். ஒரு காசு இலேசாக இருப்பது மோசடிக்குச் சான்றாகாது. ஒரு புதையலின் சராசரியே பேசும்.

6. ஒரே செயல், இரு தீர்ப்பு

கொர்ரெஜ்ஜோவின் கதை இந்த ஆய்வுக்கு உரைகல். அதன் ஆட்சியாளர் சீரோ 1616இல் இளவரசர் பட்டம் பெற்றார். அவருடைய அக்கசாலையில் ஜெர்மன் நாட்டுக் காசுகளைப் பார்த்து மட்டமான காசுகள் அடிக்கப்பட்டன. 1620களில் பேரரசின் விசாரணை அவர்மேல் பாய்ந்தது. இறுதியில் அவர் நாட்டை இழந்தார். 1635இல் கொர்ரெஜ்ஜோ மொதேனாவின் எஸ்தே பிரபுவிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த விசாரணைக் காலத்துப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட். அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? போர்ச் செலவுக்குப் பணம் இன்றி, 1622 ஜனவரியில் போஹீமியா, மொராவியா, கீழ் ஆஸ்திரியா ஆகியவற்றின் அக்கசாலைகளை ஒரு கூட்டமைப்பிடம் குத்தகைக்கு விட்டார். அதில் கார்ல் லீக்டென்ஸ்டைன், தளபதி வாலன்ஸ்டைன், வணிகர்களான ஹன்ஸ் தெ விட்டே, யாக்கோப் பசேவி ஆகியோர் இருந்தனர். அவர்கள் வெள்ளியைக் கடுமையாகக் குறைத்து, காசை மலைபோல் அடித்துக் குவித்தார்கள். 1623 டிசம்பரில் அந்தக் காசுகளின் மதிப்பு ஒரு சிறு பகுதியாக வெட்டப்பட்டது. சேமித்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் ஏழைகளானார்கள். அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள், கலகத்தில் ஈடுபட்ட பிரபுக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்களைப் பெருமளவில் வாங்கிக்கொண்டார்கள். கொர்ரெஜ்ஜோவின் செயலும் பேரரசரின் செயலும் இயல்பில் ஒன்றே. அளவில் பேரரசருடையது பன்மடங்கு பெரிது.

இது தனி நிகழ்வல்ல. இங்கிலாந்தில் 1544இல் எட்டாம் ஹென்றி தொடங்கிய மாற்றுக் குறைப்பு அவர் மகன் காலத்தில் 1551வரை நீண்டது. ஸ்பெயினின் மூன்றாம் ஃபிலிப் 1599இல் சில்லறையிலிருந்து வெள்ளியை முழுவதும் நீக்கிச் செம்பாக்கினார். 1602இல் அதன் எடையையும் பாதியாக்கினார். அரசன் மக்களின் ஒப்புதல் இன்றி நாணயத்தின் தரத்தைக் குறைப்பது கொள்ளைக்கு ஒப்பு என்று 1609இல் வாதிட்ட இயேசுசபைத் துறவி ஹுவான் தெ மரியானா சிறைவைக்கப்பட்டார். மிலான் அன்று ஸ்பானிய ஆட்சியில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செசினோவைக் குறைத்த குறுநிலப் பிரபுவுக்கு மிலானில் தடையாணை. செசினோவையொத்த தன் சில்லறையைச் செம்பாக்கிய அரசருக்கு மாட்ரிட்டில் மகுடம்.

அதற்காகக் குறுநிலப் பிரபுக்களை நிரபராதிகள் என்று விடுவித்துவிட முடியாது. அரசர் தம் பெயரிலேயே குறைத்தார். பிரபு அடுத்தவரின் முகத்தைக் கடன்வாங்கிக் குறைத்தார். அரசரின் காசை வாங்கியவன் யாரிடம் முறையிடுவது என்பதையாவது அறிந்திருந்தான். மூன்றாம் வகைக் காசை வாங்கியவனுக்கு அதுகூடத் தெரியாது. இந்த வேறுபாடு உண்மையானது. ஆனால் தண்டனையைத் தீர்மானித்தது இந்த வேறுபாடு அல்ல, தண்டிக்கும் வலிமை யாரிடம் இருந்தது என்பதே.

7. குடும்பமும் குற்றமும்

தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று வணங்கும் புனித அலோசியுஸ் கொன்சாகா இந்தக் குறுநில உலகில் பிறந்தவர். காஸ்திலியோனே தெல்லெ ஸ்திவியெரேயின் மூத்த வாரிசான அவர் 1585இல் உரிமையைத் துறந்து இயேசுசபையில் சேர்ந்தார். 1591இல் ரோமில் கொள்ளைநோயாளிகளுக்குப் பணிசெய்து இறந்தார். அவர் துறந்த நாட்டை ஏற்ற தம்பி ரொதோல்ஃபோ 1593இல் காஸ்தெல் கொஃப்ரெதோவில் கொல்லப்பட்டார். கள்ள நாணயம் அடித்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் நின்றது. ஒரே வீட்டில் ஒருவர் அரசுரிமையை விட்டு விலகினார். மற்றவர் அந்த உரிமையின் கடைசிச் செம்புத் துணுக்குவரை பிழிந்தெடுக்க முயன்றார்.

இந்த வீட்டுக் கதை ஒரு பொது உண்மையை எடுத்துக்காட்டுகிறது. குறுநிலப் பிரபுவுக்கு அரண்மனை, படை, பேரரசரின் அவையில் இடம், மகளின் திருமணச் சீர் என்று எல்லாமே பெரிய அரசருக்கு ஈடாக இருக்க வேண்டும். வருவாயோ சில கிராமங்களின் நிலவரி. இடைவெளியை நிரப்ப அவர்களிடம் இருந்த விரல்விட்டு எண்ணத்தக்க வழிகளில் அக்கசாலை ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், ஓட்டோமான் நாட்டுச் சந்தைகள் விரும்பிய பிரெஞ்சுச் சிறு வெள்ளிக்காசைப் பார்த்து தாஸ்ஸரோலோ, தோரில்யா, ஃபொஸ்தினோவோ ஆகிய இடங்களில் ‘லுயிஜினோ’ அடித்தபோதும் இதே நெருக்கடியே தூண்டியது. அந்தத் தொழில் தழைத்தது சில ஆண்டுகளே. மட்டக் காசின் பெருக்கமே அதன் நம்பிக்கையைக் கொன்றது.

8. இழந்தவர் யார்?

சிறு அக்கசாலைகள் மக்களின் தேவையை நிறைவேற்றின என்ற இரண்டாம் பார்வைக்கு இங்கே விடை சொல்ல வேண்டும். தேவை இருந்தது உண்மை. ரொட்டியும் உப்பும் வாங்கப் பொன் ஃபிளோரின் உதவாது, செசினோதான் வேண்டும். மட்டமான சில்லறையும் இல்லாத சில்லறையைவிட மேல் என்பதை அந்தச் சந்தைகளே காட்டின.

ஆனால் இந்தச் சேவையின் விலையைக் கொடுத்தவர் யார்? பெரு வணிகர் பொன்னிலும் நல்ல வெள்ளியிலும் கணக்கு வைத்தார். காசுக்கடைக்காரர் உரைகல்லும் படப் பட்டியலும் வைத்திருந்தார். நல்ல காசை மட்டமான காசு விரட்டும் என்று கோப்பர்நிக்கஸ் 1526இல் பிரஷ்யாவுக்காக எழுதிய நாணய ஆய்வில் எச்சரித்ததை அனுபவத்தால் அறிந்தவர்கள் இவர்கள். நல்லதைப் பதுக்கி மட்டமானதைத் தள்ளிவிட இவர்களுக்கு முடிந்தது. கூலியைச் சில்லறையாகப் பெற்றவனுக்கு முடியவில்லை. அவன் உழைத்து வாங்கிய காசின் மதிப்பு, அவன் கையில் இருக்கும்போதே இறங்கியது. தடையாணை வந்த அன்று அந்தக் காசைக் கையில் வைத்திருந்தவனே முழு நட்டத்தையும் சுமந்தான். பிரபுவின் குத்தகைப் பணம் அதற்குள் செலவாகியிருந்தது. தடைசெய்த அரசும் அவனுக்கு ஈடு கொடுக்கவில்லை.

9. முடிவு

மூன்று கேள்விகளுக்கும் தனித்தனி விடை சொல்லலாம். உரிமையில் பெரும்பாலான குறுநிலப் பிரபுக்கள் குற்றவாளிகள் அல்லர். சாசனம் அவர்கள் கையில் இருந்தது. உருவத்தில், சொந்த முகத்தோடு அடித்தவர்களும் வெளிப்படையாகத் தழுவியவர்களும் காலத்தின் வழக்கத்துக்கு உட்பட்டவர்கள். பெயரை மறைத்து ஒற்றியவர்கள் ஏமாற்றுக்காரர்கள். உள்ளீட்டில் குறைத்தவர்கள் குற்றவாளிகளே. ஆனால் அந்தக் கூண்டில் பேரரசரையும் ஸ்பானிய அரசரையும் இங்கிலாந்து அரசரையும் அவர்களோடு சேர்த்து நிறுத்தாத தீர்ப்பு நேர்மையான தீர்ப்பாகாது.

இந்தக் காசுகளைக் காக்கும் அருங்காட்சியகங்களிடமும் அவற்றைச் சேகரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். குறிப்பட்டையில் ‘போலி’ என்று ஒற்றைச் சொல் எழுதி முடித்துவிடாதீர்கள். யாருடைய சாசனத்தின் பேரில் அடித்தது, எந்த நாணயத்தைப் பார்த்து அடித்தது, மேல்தோலுக்கு உள்ளே எவ்வளவு வெள்ளி உள்ளது, எந்த நிலத்தில் கிடைத்தது ஆகிய நான்கையும் எழுதுங்கள். கிடைத்த இடத்தைப் பதியாமல் விற்கப்படும் ஒவ்வொரு காசோடும், அதைக் கூலியாக வாங்கியவர்களைப் பற்றி நாம் அறியக்கூடிய ஒரே தடயமும் அழிகிறது.